வெண்குறுமீன்களும் எக்ஸ்-கதிரும்

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து முன்னிரவொன்றில், முகில் மறையாதிருப்பின், கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று ஆகிய கரையூர்களின் மணற்பரப்பில் நின்று அண்ணாந்து நோக்கியோர்க்கு, உச்சிக்குச் சற்றுத் தெற்கே, பாம்புதாங்கி எனும் உடுத்தொகுதியில், முன்னர் வெறுங்கண்ணுக்குப் புலனாகாதிருந்த விண்மீன் ஒன்று மங்கலாய்த் தோன்றியிருக்கும். ஆர்.எஸ். ஒபியூக்கி என்பது அதன் பெயர். 1898, 1933, 1958, 1967, 1985, 2006 ஆகிய ஆண்டுகளிலும் அது இவ்வாறே பொங்கியெழுந்து அடங்கியது. ஒருமுறை பொங்கிய மீன் மீண்டும் மீண்டும் பொங்குவது எதனால்? அதற்கான விடையின் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலனாகாத எக்ஸ்-கதிரில் அடங்கிக் கிடக்கின்றது.

ஞாயிறு போன்ற விண்மீனொன்று தன் எரிபொருளைச் செலவிட்டபின் எஞ்சும் கருவே வெண்குறுமீன் ஆகும். ஞாயிற்றின் திணிவை ஒத்த பொருள் அங்கே புவியளவான உருண்டையுள் ஒடுங்கியிருக்கும். ஒரு கரண்டிப் பொருள் பல தொன் நிறை கொள்ளும். இலத்திரன்களின் நெருக்கத்தால் எழும் அமுக்கமே அதனைத் தாங்கி நிற்கின்றது. அத்தாங்குதிறனுக்கும் ஓர் எல்லையுண்டெனக் கணித்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் செல்கையில், பத்தொன்பது வயதினராய், இக்கணக்கில் ஈடுபட்டார். ஞாயிற்றின் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

தனித்து நிற்கும் வெண்குறுமீன் மெல்லக் குளிர்ந்து மங்கும். அருகே துணைமீன் ஒன்று இருப்பின் நிலைமை வேறாகும். துணைமீனின் வாயு, குறுமீனின் ஈர்ப்பினால் இழுக்கப்பட்டு, பெரும்பாலும் நீர்ச்சுழி போல் வட்டாகச் சுழன்று உட்செல்லும். குறுமீனின் காந்தப்புலம் மிக வலிதாயின், வட்டு உருவாகாமலே வாயு காந்த முனைகளை நோக்கிப் பாயும், ஏ.எம். ஹெர்க்குலிஸ் அத்தகையது. வினாடிக்குச் சில ஆயிரம் கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதும் அவ்வாயு பத்துக் கோடி பாகைக்கு மேலும் வெப்பமடைந்து, எக்ஸ்-கதிரைச் சொரியும். குறுமீனின் திணிவு மிகுந்தால் வீழ்ச்சியின் வேகம் மிகும். வேகம் மிகுந்தால் வெப்பமும் மிகும். எனவே எக்ஸ்-கதிரின் நிறமாலையை ஆராய்வோர், எட்டாத் தொலைவிலுள்ள குறுமீனை நிறுத்துப் பார்த்தவர் போல் ஆகின்றனர்.

இக்கதிரை வளிமண்டலம் தடுத்துவிடுதலால், கருவிகளை விண்ணுக்கு அனுப்புதல் இன்றியமையாததாயிற்று. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செய்மதி 2015 செப்டெம்பர் 28ஆம் நாள் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் கருவிகளுள் இரண்டு, 0.3 முதல் 80 கிலோ இலத்திரன் வோல்ற்று வரையான கதிர்களை உணருமாறு அமைக்கப்பட்டவை. ஏறத்தாழ 650 கிலோமீற்றர் உயரத்தில், மத்திய கோட்டுக்கு ஆறு பாகைச் சாய்வில் அமைந்த அதன் பாதை, வடக்கே தெய்வேந்திரமுனையின் அகலாங்கு வரையே எட்டும். ஆதலின் கல்முனைக்கு அது தென்வானத்துப் பயணியேயாம்.

ஆர்.எஸ். ஒபியூக்கியின் துணை ஒரு செவ்வரக்க மீன். அதனின்று பெற்ற ஐதரசன் குறுமீனின் மேற்பரப்பில் திரண்டு, அமுக்கம் மிகுந்த வேளையில் அணுக்கருத் தீயாய் வெடிக்கின்றது. வீசப்பட்ட பொருள் செவ்வரக்கனின் காற்றோடு மோதுதலால் முதற்கண் வன்மையான எக்ஸ்-கதிர் எழும். வாரங்கள் சில கழிந்து, வெடித்த புகைத்திரை விலகியபின், மேற்பரப்பில் எஞ்சி எரியும் தீயின் மென்மையான எக்ஸ்-கதிர் வெளிப்படும். 2006இல் சுவிஃப்ட் செய்மதி இவ்விரு நிலைகளையும் பதிவு செய்தது. இவ்வெரியுறை பல இலட்சம் பாகை வெப்பமுடையது. அதன் வெப்பமும், பொங்குதல் குறுகிய காலத்தில் மீள நிகழ்தலும், குறுமீன் சந்திரசேகர் எல்லையை அண்மியதெனக் காட்டுகின்றன.

இங்கேதான் பெருவினா எழுகின்றது. குறுமீன் பெறும் வரவு மிகுமா, வெடிப்பில் இழக்கும் செலவு மிகுமா? வரவு மிகுந்து, அதன் அகம் காபனும் ஒட்சிசனுமாயின், எல்லையை அணுகுங்கால் அது முழுவதும் வெடித்துச் சிதறும். அத்தகைய வெடிப்புகளின் ஒளியைக் கொண்டே அண்டத்தின் தொலைவுகளை அறிஞர் அளக்கின்றனர். அகம் ஒட்சிசனும் நியோனுமாயின், அது சுருங்கி நியூத்திரன் மீனாகலாம். ஆகவே ஒரு சிறு மீனின் வரவுசெலவைக் கணித்தல், அண்டத்தையளக்கும் கோலைச் செம்மை செய்தலுமாகும்.

கப்பலின் மேற்றளத்தில் தாளுங்கோலுமாய் அமர்ந்த இளைஞரின் கணக்கு, இன்று செய்மதிகளால் சோதிக்கப்படுகின்றது. அடுத்தமுறை அம்மீன் பொங்கும்போது, கல்முனைக் கரையில் நின்று அதனை நோக்கும் மாணவர், கண்ணால் காண்பது சிறுபகுதியே என்பதை உணர்ந்து நோக்குவாராக.