ஆப்பில் சேர்த்த ஐகானில் 'அ'வைக் காணோமா? காரணம் இதுதான்!

பெருங்குடி ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதுசாக இருக்காது. ஆப்பில் மொழி மாற்றும் பட்டனுக்கு, வட்டத்துக்குள் 'அ' போட்ட ஐகான். டிசைனர் அனுப்பிய எஸ்விஜி ஃபைலில் எழுத்து பளிச்சென்று தெரியும். அதையே ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் 'வெக்டர் அசெட்' வழியாகச் சேர்த்தால், வட்டம் மட்டும் வரும். 'அ' அவுட்!

ஏன் இப்படி? வெக்டர் ஐகான் என்பது போட்டோ மாதிரி புள்ளிகளால் ஆனது இல்லை. 'இங்கிருந்து கோடு இழு, அங்கே வளை' என்கிற குறிப்புதான் அது. ஆண்ட்ராய்டின் வெக்டர் ஃபைலுக்குக் கோடும் வளைவும் புரியும், டெக்ஸ்ட் புரியாது. அதனால் எழுத்தின் வடிவத்தையே கோடுகளாக மாற்றித் தரணும். இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. ஃபிக்மாவில் எக்ஸ்போர்ட் செய்யும்போது 'அவுட்லைன் டெக்ஸ்ட்' டிக் ஆகியிருக்கான்னு பார்த்தால் போதும்.

இவ்வளவு மெனக்கெடணுமா, பிஎன்ஜி போதாதா? 24 டிபி ஐகான் ஒன்றுக்கே 24, 36, 48, 72, 96 பிக்சல் என 5 படங்கள் வேண்டும். வெக்டர் என்றால் ஒரே ஃபைல். டார்க் மோடுக்கு நிறம் மாற்றவும் 'டின்ட்' ஒரு வரி போதும். ஆனால் பல நிற லோகோவுக்கு டின்ட் கொடுத்தால் மொத்தமும் ஒரே நிறமாகி அப்பிக்கொள்ளும். உஷார்!

எல்லாவற்றையும் வரைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்து, 2010 ஜூலை 15-ல் மத்திய அரசு ஏற்ற ரூபாய் குறி, கூகுளின் மெட்டீரியல் ஐகான்களில் ரெடியாகவே இருக்கிறது. அப்பாச்சி 2.0 உரிமம் என்பதால் காசு கொடுக்காமலே வணிக ஆப்பிலும் போடலாம். பேமென்ட் பட்டனில் இன்னமும் டாலர் குறியை வைத்திருப்பவர்களுக்குச் சாக்கு கிடையாது.

ஃப்ளட்டரில் ஐகானுக்குப் பதில் வெறும் கட்டம் வந்தால், பப்ஸ்பெக் ஃபைலில் 'யூஸஸ் மெட்டீரியல் டிசைன்' வரி விடுபட்டிருக்கலாம். அங்கே ஐகான்கள் ஒரு ஃபான்ட்டாக வருகின்றன. ஃபான்ட் ஆப்போடு போகலைன்னா கட்டம்தான்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. கோடாக மாறிய 'அ', போனுக்கு எழுத்தே இல்லை. பார்வையற்றவர் டாக்பேக் வைத்துத் தொட்டால், 'பெயரிடப்படாத பட்டன்' என்பது போலத்தான் கேட்கும். 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்' இடத்தில் 'மொழியை மாற்று' என்று டைப் செய்ய பத்து விநாடிகூட ஆகாது.