பேஸ்ட்டுக்குள் இருக்கும் உப்புகள்

நாளைக் காலை பல் தேய்க்கும்போது டியூபைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் கால்சியம் கார்பனேட், சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் என்று வரிசை ஓடும். பல் கூச்சத்துக்கான பேஸ்ட் என்றால் பொட்டாசியம் நைட்ரேட்டும் இருக்கலாம். பெயர்தான் மிரட்டுகிறது. முதலாவது, சுண்ணாம்புக்கல்லுக்கு உறவு. கடைசியில் சொன்னது வெடியுப்பு. பட்டாசு மருந்தில் சேருகிற அதே உப்புதான், இங்கே பல் நரம்பின் கூச்சத்தைத் தணிக்கிறது. சலூனில் சவரம் முடிந்து ஈரக் கன்னத்தில் தேய்க்கும் படிகாரமும் ஓர் உப்பே. கீறலில் பட்டதும் சுருக்கென்று எரியும். அங்குள்ள புரதத்தை இறுக்கி ரத்தக் கசிவை நிறுத்தும்.

கரித்தூளில் உப்பைக் கலந்து ஆட்காட்டி விரலால் தேய்த்தவர்கள் நாங்கள். கல்லுப்பின் முனை ஈறில் உரசிய எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஈறுப் புண்ணுக்கு இதம்தான். ஆனால் சொத்தையைத் தடுக்கும் வேலை சோற்றுப்புக்குத் தெரியாது.

அது ஃப்ளோரைடின் வேலை. இனிப்பைத் தின்னும் கிருமிகள் அமிலத்தைச் சுரக்க, பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். எச்சில் அவற்றை மெல்ல மெல்லத் திருப்பித் தரும். பக்கத்தில் கொஞ்சம் ஃப்ளோரைடு இருந்தால், திரும்பப் படிவது முன்னைவிட அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பல்லைத் தேய்த்துத் துலக்கச் சேர்க்கும் சுண்ணாம்புத்தூளோடு சாதாரண சோடியம் ஃப்ளோரைடைக் கலந்தால், டியூபுக்குள்ளேயே கால்சியம் அதைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கும்; பல்லுக்குப் பயன்படாது. அதனால்தான் சுண்ணாம்புத்தூள் பேஸ்ட்டுகளில் மோனோஃப்ளூரோபாஸ்பேட். அதில் ஃப்ளோரைடு பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்திருப்பதால் கால்சியத்தால் எளிதில் இழுக்க முடியாது. வாய்க்குள் போன பிறகு, அங்குள்ள நொதிகள் அந்தப் பிணைப்பை அவிழ்க்கின்றன. இந்த ஒரு வரிக்காகவே டியூபைத் திருப்பிப் படிக்கலாம் என்பேன்.

அளவு மீறினால் இதே ஃப்ளோரைடு என்ன செய்யும் என்பதைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களிடம்தான் கேட்க வேண்டும். அங்கே பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வந்த ஃப்ளோரைடு பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாகத் தங்கியது. பெரியவர்களின் எலும்பையும் விடவில்லை. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர நேர்ந்தது. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். 1000 பிபிஎம் என்று அச்சிட்ட பேஸ்ட்டில் ஒரு கிராமுக்கே 1 மில்லிகிராம் இருக்கிறது.

விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கிக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். 3 வயதுக்குக் கீழே ஓர் அரிசியளவு, 6 வயது வரை ஒரு பட்டாணியளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். துப்பியதும் டம்ளர் டம்ளராகக் கொப்பளிக்க வேண்டாம். பல்லில் ஒட்டியிருக்கும் கொஞ்ச ஃப்ளோரைடும் தண்ணீரோடு போய்விடும்.