லென்சுக்கேற்ற காமிரா

கைபேசியிலேயே நல்ல படம் எடுக்க முடிகின்ற இக்காலத்தில் தனியாக ஒரு காமிரா எதற்கு என்று கேட்பவர் உண்டு. எனினும் உருவப்படம் எடுப்பதில் ஆர்வம் கொண்ட மாணவர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்களுள் சிலரிடம் அண்ணனோ மாமாவோ தந்த நல்லதொரு லென்ஸ் இருக்கிறது. அதை மாட்டிப் படமெடுக்கக் காமிராவின் பாடிதான் இல்லை. உதவித்தொகையிலும் விடுமுறை நாள் வேலையிலும் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எது மலிவு? எத்தனை மெகாபிக்சல்?” என்ற இரண்டே கேள்விகளை அவர்கள் கடைக்காரரிடம் கேட்கிறார்கள். நம்மைப் போன்றோரால் அத்தகைய தொகையை அடிக்கடி சேர்க்க இயலாது. பொருந்தாத பாடியை வாங்கிவிட்டால் பணமும் போய், கையிலுள்ள லென்சும் பெட்டிக்குள் முடங்கும். ஆகவே எந்த வரிசையில் சிந்தித்து வாங்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிரர்லெஸ் என்பது என்ன?

பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்சுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கும். அது ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் எழும்பி வழிவிடும். அக்கண்ணாடி அசைவதற்கு இடம் வேண்டும். ஆதலால் லென்ஸ் பொருந்தும் வளையத்திற்கும் படம் பதியும் தளத்திற்கும் இடையே கேனன் ஈஎப் வகையில் 44 மி.மீ., நிக்கான் எப் வகையில் 46.5 மி.மீ. இடைவெளி விட்டனர். மிரர்லெஸ் காமிராவில் கண்ணாடியே இல்லை. எனவே இவ்விடைவெளி கேனன் ஆர்எப் வகையில் 20 மி.மீ. ஆகவும், நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ. ஆகவும் சுருங்கிவிட்டது.

இச்சுருக்கமே நமக்கு வாய்ப்பாக அமைகிறது. 44இல் 20 போக மீதி 24 மி.மீ. அல்லவா? அந்த அளவுக்கு ஒரு வெற்றுக் குழாயை நடுவில் பொருத்தினால் பழைய லென்ஸ் தனக்குரிய தொலைவில் சரியாக நிற்கும். அக்குழாயையே அடாப்டர் என்கிறோம். சாதாரண அடாப்டருக்குள் கண்ணாடிச் சில்லு ஏதும் இல்லாததால் படத்தின் தரம் குறைவதில்லை. ஆகையால் பழைய லென்சை விற்றுவிட வேண்டிய அவசியம் இல்லை. செருப்புக்காகக் காலை வெட்டுவார் உண்டோ? ஆனால் அடாப்டரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

முதற்கேள்வி: மோட்டார் எங்கே இருக்கிறது?

லென்ஸ் பொருந்துவது வேறு, தானாக ஃபோகஸ் செய்வது வேறு. 1987இல் கேனன் ஈஎப் முறையைக் கொண்டுவந்தபோது ஃபோகஸ் மோட்டாரை லென்சுக்குள்ளேயே வைத்தது. 1992இல் வந்த 85 மி.மீ. எப் 1.8 லென்சும், 2015இல் வந்த 50 மி.மீ. எப் 1.8 லென்சும் அவ்வாறானவையே. மின்தொடர்புள்ள ஈஎப்–ஆர் அடாப்டரில் மாட்டினால் இவை கேனனின் ஆர் வரிசைக் காமிராக்களில் தாமே ஃபோகஸ் செய்கின்றன.

நிக்கானில் நிலைமை வேறு. ‘டி’ என்னும் எழுத்தைப் பெயரில் கொண்ட 85 மி.மீ. எப் 1.8 லென்சுக்குள் மோட்டார் இல்லை. காமிராவிலுள்ள ஒரு திருகே அதைச் சுழற்ற வேண்டும். நிக்கானின் எப்.டி.இசட். அடாப்டரில் அத்திருகு கிடையாது. ஆகவே கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மோட்டார் உள்ள ஏஎப்–எஸ் 85 மி.மீ. எப் 1.8 ஜி லென்சோ அதே அடாப்டரில் தானே இயங்கும். ஒரே நிறுவனம், ஒரே குவியத் தூரம். ஓர் எழுத்து வேறுபாட்டில் பயன் மாறிவிடுகிறது!

இது சிறிய விஷயமன்று. 85 மி.மீ. லென்சை எப் 1.8 அளவுக்குத் திறந்து, முழுப்பரப்புச் சென்சாரில் ஒன்றரை மீட்டர் தொலைவில் ஒருவரைப் படமெடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ. மட்டுமே. கண் தெளிவாக இருக்கையில் காது மங்கிவிடும். கண்ணைத் தானே கண்டறிந்து ஃபோகஸ் செய்யும் வசதி உருவப்படத்துக்கு எவ்வளவு பெரிய துணை என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் கேள்வி: அறையின் நீளம் என்ன?

இதுவே மிக முக்கியமானது. பலரும் கேட்க மறப்பதும் இதுவே. முழுப்பரப்புச் சென்சார் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்டது. விலை குறைந்த கேனன் பாடிகளில் உள்ள ஏபிஎஸ்–சி சென்சாரின் நீளம் 22.3 மி.மீ. மட்டுமே. லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் இது பதிவு செய்வதால், அதே காட்சி அடங்க நாம் பின்னால் நகர வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். தலையும் தோளுமாக 60 செ.மீ. உயரம் படத்தில் அடங்க வேண்டும் எனக் கொள்வோம். 85 மி.மீ. லென்சுக்கு முழுப்பரப்பில் 1.5 மீட்டர் தொலைவு போதும்; ஏபிஎஸ்–சியில் 2.4 மீட்டர் வேண்டும். ஆறடி மனிதரை நிற்கவைத்து முழு உருவமாக எடுக்க, முன்னதில் 4.3 மீட்டர், பின்னதில் ஏறத்தாழ 7 மீட்டர், அதாவது 23 அடி! பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள நம் வீட்டுக் கூடத்தில் சுவரை இடித்தாலன்றி இது நடவாது.

50 மி.மீ. லென்ஸ் உடையவர்க்கு நிலைமை நேர்மாறு. முழுப்பரப்பில் தலையும் தோளும் எடுக்க அவர் 90 செ.மீ. வரை நெருங்க வேண்டும். மூக்குக்குப் பின்னால் 12 செ.மீ. தொலைவில் காது இருப்பதாகக் கொண்டால், அங்கிருந்து மூக்கு உரிய அளவைவிட ஏறக்குறைய 13 விழுக்காடு பெரிதாகத் தோன்றும். ஏபிஎஸ்–சியில் 1.4 மீட்டர் தள்ளி நிற்பதால் இது 9 விழுக்காடாகக் குறைந்து, முகம் இயல்பான அமைப்பைப் பெறும். முகத்தின் அமைப்பை மாற்றுவது லென்ஸ் அன்று, நாம் நிற்கும் தொலைவே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

எனவே 50 மி.மீ. ஈஎப் லென்ஸ் வைத்திருப்பவர், 2023இல் வெளிவந்த ஆர்50 போன்ற சிறு சென்சார் பாடியை வாங்கலாம். அது குறையன்று, நிறையே. 85 மி.மீ. லென்ஸ் வைத்திருந்து வீட்டுக்குள் படமெடுக்க விரும்புபவர், 2019இல் வந்த முழுப்பரப்பு ஆர்.பி. பாடியைப் பழையதாகத் தேடுவது நன்று. திறந்த வெளியில் மட்டும் எடுப்பவருக்கு 85 மி.மீ. லென்சோடும் ஆர்50 போதும்.

கடைசியாகக் கேட்க வேண்டியவை

மேற்கூறிய இரு பாடிகளிலும் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி பாடிக்குள் இல்லை. இதற்காக வருந்த வேண்டாம். அவ்வசதி நம் கையின் ஆட்டத்தைத்தான் சரிசெய்யும். எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. உயிருள்ள முகத்தைப் படமெடுக்க எப்படியும் நொடியில் 125இல் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரமே ஷட்டரைத் திறக்க வேண்டும். மெகாபிக்சலும் அவ்வாறே. 20 மெகாபிக்சலுக்கு மேல் இருந்தால் சுவரில் மாட்டும் படத்துக்குப் போதுமானது.

பழைய பாடியை வாங்குமுன் லென்சைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்க வேண்டும். வளையம் ஆடுகிறதா, சென்சாரில் கீறல் உண்டா, ஃபோகஸ் கண்ணில் விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். துவாரத்தைச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் அழுக்கும் புள்ளியும் தெரிந்துவிடும். கேனனின் பழைய எம் வரிசை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அவ்வரிசை நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் லென்சுகள் ஆர் வரிசையில் பொருந்தா.

நண்பர்களே! நம் பாட்டி தாத்தாக்களில் பலருக்கு அடையாள அட்டையிலுள்ள படத்தைத் தவிர வேறு நல்ல படம் இல்லை. அவர்கள் முகத்தைக் காலத்துக்கும் காத்து வைக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. லென்சை முதலில் பாருங்கள். அறையை அளந்து பாருங்கள். அதன்பின் விலையைக் கேளுங்கள். இவ்வரிசை மாறாதிருந்தால் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாகாது.