வறண்டதும் ஒரு அளவுதான்

பந்தல்குடி பக்கம் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போனில் கேட்டார்: "வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தோட சேர்ந்து தண்ணியைப் பத்தி ஏதாவது செய்யணும்ங்கிறாங்க. நம்ம கண்மாய்ல வருஷத்துல பாதி நாள் தண்ணியே கிடையாது. எதைப் போய் அளக்கிறது?"

நியாயமான கேள்வி. அதற்காகக் குளோப் திட்டத்தின் கையேடுகளைப் புரட்டினேன். 1994 புவி நாளன்று அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் அறிவித்த திட்டம் அது. மறுவருடம் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2000இல் சேர்ந்தது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. சங்கதி எளிமையானது: எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே முறையில் அளப்பார்கள், ஒரே இடத்தில் பதிவார்கள்.

நண்பரின் கேள்விக்குப் பதில் அந்தப் பதிவுத்தாளிலேயே இருந்தது. நீர்நிலையின் நிலை என்ன என்று அதில் ஒரு கட்டம் உண்டு. இயல்பு, வெள்ளம், உறைந்தது, வறண்டது என்று குறிக்கலாம். ஆக, மழை பொய்த்த வருடத்தில் மார்ச் மாதம் நம் பிள்ளைகள் 'வறண்டது' என்று குறிக்கும்போது, பின்லாந்தில் ஒரு பிள்ளை தன் ஏரிக்கு 'உறைந்தது' என்று குறித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேராலும் அன்றைக்குத் தண்ணீர் மொள்ள முடியாது. இரண்டுமே தகவல்தான்.

மழைக்கும் இதே கதை. தினமும் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் மழைமானியைப் பார்க்க வேண்டும். பந்தல்குடிக்கு அது ஏறக்குறைய பன்னிரண்டே கால் மணி, சத்துணவுக்குத் தட்டைத் தூக்குகிற நேரம். மழை இல்லையென்றால் 0.0 என்று எழுத வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூறினால் அதற்குத் தனிக் குறி. பார்க்கவே இல்லையென்றால் அதற்கு வேறு குறி. பார்த்து எழுதிய பூஜ்யமும் பார்க்காமல் விட்ட நாளும் ஒன்றல்ல! பூஜ்யங்கள் வரிசையாக இருந்தால்தான் வடகிழக்குப் பருவமழை எத்தனை நாள் தள்ளிப்போனது என்று சொல்ல முடியும்.

அடுத்தது உப்பு. நல்ல தண்ணி, சப்பைத் தண்ணி, உப்புத் தண்ணி என்று நாக்கால் பிரித்துவிடுவோம். மின்கடத்துமானி அதை எண்ணாக்கும். வரும் எண்ணை 0.67ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பது உத்தேசமாகத் தெரியும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 2000 வரை. தெருத்தெருவாக அடிபம்புத் தண்ணீரைப் பிடித்து அளந்தாலே ஊருக்கு ஒரு உப்பு வரைபடம் கிடைத்துவிடும்.

கலங்கலில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். நீளமான குழாயில் தண்ணீர் ஊற்றி, அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளைத் தட்டு எந்த உயரத்தில் மறைகிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் கலங்கல் என்றால் நோய்க்குறி என்றே பாடம் நடக்கும். ஆனால் கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வரும்போது அது கலங்கித்தான் வரும். அந்த வண்டல்தான் பிறகு வயலுக்கு உரம். ஊருணித் தண்ணீரைக் குடிக்கவா? மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றி வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். உரசுவதற்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அதே குழாயில் அளந்து அனுப்பினால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிச்சயம் புதுசாக இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரிப் பரிமாற்றங்களில் பாதி ஒருவழிப் பாதை. வந்து, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று சுவரொட்டி வரையச் சொல்லிவிட்டுப் போவார்கள். ரெண்டு குடத்தில் ஒரு நாளை ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைக்குச் சிக்கனத்தைப் பற்றி என்ன சொல்லித்தர முடியும்? அந்தப் பிள்ளைதான் சொல்லித்தர வேண்டும். அதற்கு அதன் கையில் அளவு இருந்தால், எதிர்ப்பக்கம் பரிதாபப்படாமல் கேள்வி கேட்கும்.

நண்பரிடம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு மழைமானியை மட்டும் நட்டு வையுங்கள் என்றேன். கண்மாய் எந்த மடை வரை நிறைந்தது என்பதை நீர்ப்பாய்ச்சியிடம் கேட்டு எழுதிக்கொள்ளவும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தேத்தாங்கொட்டை அருப்புக்கோட்டை நாட்டு மருந்துக் கடையில கிடைக்குமா?" என்றார்.