ஏலத்தொகை சொல்லாத கபடிக் கணக்கு

புரோ கபடித் தொடர் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: தமிழ் தலைவாஸ் அணி இந்த முறை யாரை எவ்வளவுக்கு வாங்கியிருக்கிறது? திருப்பூர் பனியன் கம்பெனிகளின் தேநீர் இடைவேளையிலும், தாராபுரம், காங்கயம் வட்டாரத்துத் திண்ணைகளிலும் வீரர்களின் ஏலத்தொகையே பேசுபொருளாகிறது. பெரிய தொகைக்கு ஒரு வீரர் வந்துவிட்டால், முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே கோப்பையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

2017-இல் தலைவாஸ் அணி களமிறங்கியது முதல் 2025 வரை எட்டுத் தொடர்கள் நடந்துள்ளன. அவற்றில் ஒரே ஒரு முறைதான் அந்த அணி 'பிளே-ஆஃப்' சுற்றை எட்டியது. அதிக விலை கொடுத்து வாங்கிய வீரர் தொடர் முழுவதும் ஆட முடியாமல் போன ஆண்டு அது என்பதுதான் வியப்பு.

2022-ஆம் ஆண்டு ஏலத்தில் பவன் செராவத்தை ரூ.2.26 கோடிக்குத் தலைவாஸ் வாங்கியது. அதுவரை கபடியில் எவருக்கும் கொடுக்கப்படாத தொகை அது. ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடலாம் என்று வகுக்கப்பட்டிருந்த மொத்த வரம்பில் ஏறத்தாழப் பாதி ஒருவருக்கே போயிற்று. அக்டோபர் 8 அன்று பெங்களூரில் குஜராத் ஜயன்ட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டம். எதிரணியின் தலைவர் சந்திரன் ரஞ்சித் தமிழ்நாட்டுக்காரர் என்பதை இங்கே ஒரு குறிப்பாகச் சொல்லி வைக்கலாம். ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்காலில் காயம்பட்டு வெளியேறிய பவன், அந்தத் தொடரில் மீண்டும் களத்துக்கு வரவில்லை.

தலைவாஸின் கதை அத்துடன் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால், புதிய இளம் வீரர் என்ற பிரிவில் ஏலத்துக்கு வெளியே குறைந்த ஊதியத்துக்குச் சேர்க்கப்பட்டிருந்த நரேந்தர் என்ற ஹரியாணா இளைஞர் முதன்மை ரைடரானார். தொடரின் முடிவில் அவர் எடுத்திருந்த ரைடு புள்ளிகள் 243. சாகர், சாஹில் குலியா ஆகிய மூலைத் தடுப்பாட்டக்காரர்கள் பின்புலத்தைத் தாங்கினர். அணி அரையிறுதி வரை சென்று புணேரி பல்தானிடம் 2 புள்ளி வித்தியாசத்தில்தான் தோற்றது.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். அடுத்த ஆண்டு நடந்ததைப் பார்த்தால் அப்படி ஒதுக்க மனம் வராது. 2023 ஏலத்தில் பவனைத் தெலுகு டைட்டன்ஸ் அணி ரூ.2.605 கோடிக்கு வாங்கியது. அந்த ஆண்டின் உச்சவரம்பான ரூ.5 கோடியில் பாதிக்கும் மேலான தொகை இது. பவன் நன்றாகவே ஆடினார். 200-க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகளை எடுத்தார். ஆயினும், 22 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்று டைட்டன்ஸ் கடைசி இடத்தைப் பிடித்தது. அதற்கு முன்பு 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் ஆகிய மூன்று பெரும் பெயர்களையும் ஒரே அணியில் வைத்துக்கொண்டு தலைவாஸும் கடைசி இடத்தில்தான் முடித்தது.

காரணம் கபடியின் விதியிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் அந்த இன்னிங்ஸில் திரும்பி வர முடியாது. கபடியில் வர முடியும். ஆனால் தன் முயற்சியால் அல்ல. பிடிபட்ட ரைடர் வெளியே அமர்ந்திருக்க, அவருடைய அணியினர் எதிரணி வீரர் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால்தான் அவருக்கு மீண்டும் உயிர் கிடைக்கும். ஆக, இரண்டு கோடி ரூபாய் வீரர் 40 நிமிட ஆட்டத்தில் எத்தனை நிமிடம் களத்தில் இருப்பார் என்பதைத் தீர்மானிப்பவர்கள் சில லட்சங்களுக்கு வாங்கப்பட்ட தடுப்பாட்டக்காரர்களே. அவர்கள் பலவீனமானவர்கள் என்றால் விலையுயர்ந்த வீரர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம் கூடும். பொருளியலில் இதனை 'நிரப்புப் பொருள்கள்' என்பார்கள். ஒன்றின் பயன் மற்றொன்றின் அளவைப் பொறுத்தது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையில்லை. பவர் டேபிளில் ஓவர்லாக் தைப்பவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், அவருக்கு அடுத்து அமர்ந்திருக்கும் இருவர் மெதுவாகத் தைத்தால் அன்றைய உற்பத்தி அந்த இருவரின் வேகத்தில்தான் வெளிவரும். முதல்வருக்கு இருமடங்கு கூலி கொடுத்தால் அவர் முன்னே துணி குவியும். பெட்டியில் பனியன் கூடாது.

அப்படியானால், அணி உரிமையாளர்கள் ஏன் ரைடர்களுக்கே அள்ளிக் கொடுக்கிறார்கள்? அவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தானே? முதல் காரணம், ரைடரின் பணி எண்ணக்கூடியது. தொட்டால் புள்ளி, தாண்டினால் புள்ளி. தொலைக்காட்சித் திரையில் பெயருடன் எண் ஓடுகிறது. இடது மூலையில் நிற்பவர் காலைப் பிடித்ததற்கு ஒரு புள்ளி உண்டு. ஆனால், அந்த ரைடரை அந்த மூலைக்கு நெருக்கித் தள்ளிய கவர் வீரருக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. எண்ண முடிந்ததற்கு விலையைக் கூட்டுவதும், எண்ண முடியாததை மலிவாகக் கருதுவதும் எல்லாச் சந்தைகளிலும் நடப்பவையே. கல்லூரிகளிலும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம் ஏலம் என்ற முறையிலேயே உள்ளது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைகளை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த இலாபம் காணவில்லை என்பதை 1971-இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் ஆராய்ந்தனர். ஒரே பொருளைப் பலர் மதிப்பிடும்போது சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் மதிப்பிடுவார்கள். ஏலத்தில் வெல்பவரோ எல்லோரையும்விடக் கூட்டி மதிப்பிட்டவர். எனவே வெற்றியே இழப்பாகிறது. 'வென்றவரின் சாபம்' என்று இதற்குப் பெயர் வந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் அமெரிக்கக் கால்பந்தில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய்ந்து இதை ஒத்த முடிவுக்கே வந்தனர். எல்லோரும் அடித்துக்கொள்ளும் முதல் சில இடங்களைவிட இரண்டாம் சுற்றில் எடுக்கப்படும் வீரர்களே கொடுத்த பணத்துக்கு அதிகப் பயன் தருகிறார்கள் என்பது அவர்களின் முடிவு.

விலை என்பது கடந்த தொடரின் புள்ளிகளைப் பார்த்து வைக்கப்படுவது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழங்காலும் கணுக்காலும் அந்தப் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. ரூ.2.605 கோடிக்கு விலைபோன அதே பவன், 2025 ஏலத்தில் ரூ.59.50 லட்சத்துக்குத் தலைவாஸுக்குத் திரும்பினார். இரண்டே ஆண்டுகளில் கால்பங்குக்கும் கீழே! தொடக்க ஆட்டத்தில் டைட்டன்ஸை தலைவாஸ் வென்றதும் ஊரெங்கும் உற்சாகம் கரைபுரண்டது. சில ஆட்டங்களிலேயே அவர் அணியை விட்டு வெளியேறினார். ரூ.1.405 கோடிக்கு வாங்கப்பட்ட அர்ஜுன் தேஷ்வால் அத்தொடரின் முன்னணி ரைடர்களுள் ஒருவராக விளங்கினார். அணியோ முதல் எட்டு இடங்களுக்குள் வரவில்லை.

பெருந்தொகை எப்போதும் வீண் என்று சொல்வதும் பிழை. ஈரானைச் சேர்ந்த முகமதுரேசா ஷாட்லூயி 2023 ஏலத்தில் ரூ.2.35 கோடிக்குப் புணேரி பல்தானுக்குச் சென்றார். அந்த அணி கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு ரூ.2.07 கோடிக்கு ஹரியாணா ஸ்டீலர்ஸுக்குச் சென்றார்; அந்த அணியும் வென்றது. ஆனால், அவர் அடிப்படையில் தடுப்பாட்டக்காரர். மேலும், புணே அணியில் அஸ்லம் இனாம்தார் போன்று இளம் வயதிலேயே சேர்க்கப்பட்டுப் பல தொடர்கள் ஒன்றாக ஆடிய கூட்டம் ஏற்கெனவே இருந்தது. ஹரியாணாவிலும் ஜெய்தீப் தஹியா தலைமையில் அப்படியொரு கூட்டம் அமைந்திருந்தது. கட்டி முடித்த வீட்டுக்குத் தேக்குக் கதவு வாங்கியது போன்றது அது. அதே ஷாட்லூயியை 2025-இல் ரூ.2.23 கோடிக்கு வாங்கிய குஜராத் அணி முதல் எட்டு இடங்களுக்குள் வரவில்லை.

எனவே, தொடருக்கு முன் அணிப் பட்டியல் வெளிவரும்போது ரசிகர்கள் பார்க்க வேண்டிய இடம் பட்டியலின் தலைப்பகுதி அன்று. இரு மூலைகளிலும் நிற்கப் போகிறவர்கள் சென்ற ஆண்டும் சேர்ந்து ஆடியவர்களா? முதன்மை ரைடர் வெளியே அமர நேர்ந்தால், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய நெருக்கடியில் யாரை அனுப்புவார்கள்? இளம் வீரர் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? அணியின் எதிர்காலம் பெரும்பாலும் இந்தக் கடைசி வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளின் எதிர்காலமும் அந்த வரிசையைச் சார்ந்தே இருக்கிறது. தமிழ் தலைவாஸ் அணியில் தமிழர்கள் குறைவு என்ற மனக்குறை அணி தொடங்கிய நாள்முதல் உள்ளது. அதை வெறும் உணர்ச்சிக் கேள்வியாகவே பேசி வருகிறோம். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் மணத்தி கணேசன் இருந்தார். தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் பாட்னா பைரேட்ஸை 2016-இல் கோப்பைக்கு வழிநடத்தினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கப் பதக்கத்துடன் திரும்பினர். தமிழக அரசு ஆளுக்கு ரூ.25 லட்சம் அளித்தது.

சிக்கல் பயிற்சிச் செலவில் இருக்கிறது. தாராபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் கோயில் திருவிழாவையொட்டியும் பொங்கலையொட்டியும் மின்னொளிக் கபடிப் போட்டிகள் நடக்கின்றன. எடைப் பிரிவு வாரியாக அணிகள் வருகின்றன. விடியும் வரை ஆடுகிறார்கள். மண்ணில் வெறுங்காலுடன் ஆடும் அந்த இளைஞர் தொழில்முறைக் கபடிக்குச் செல்ல வேண்டுமானால் செயற்கை விரிப்பில் காலணியுடன் ஆடிப் பழக வேண்டும். ஒரே பயிற்சியாளரிடம் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும். முறையாக உண்ண வேண்டும். அந்த வயதில் அவருக்குத் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் வேலை காத்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் சம்பளம் கைக்கு வருகிறது. வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவை. கபடிக்காக அவர் இழப்பது வியர்வையை மட்டுமன்று, ஒவ்வொரு வாரத்தின் கூலியையும்தான். ஹரியாணாவில் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுபவை ராணுவம், காவல்துறை, ரயில்வே ஆகியவற்றில் கிடைக்கும் வேலைகள். இங்கும் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது சாதித்த பின் கிடைப்பது. சாதிக்கும் வரையுள்ள நான்கைந்து ஆண்டுகளை யார் தாங்குவது என்பதே கேள்வி.

கேரி பெக்கர் 1964-இல் எழுதியது இங்கே பொருந்தும். எங்கும் பயன்படக்கூடிய திறமையைக் கற்றுக்கொடுக்க எந்த முதலாளியும் செலவிட விரும்பமாட்டார். கற்றவர் நாளை வேறிடம் போய்விடுவார் என்பதே காரணம். தாராபுரத்துச் சிறுவனை மூன்றாண்டு வளர்த்த பின் அவனை ஏலத்தில் வேறோர் அணி எடுத்துக்கொள்ளுமென்றால், தலைவாஸ் ஏன் செலவிட வேண்டும்? வளர்க்கும் கிராமத்துக் குழுவுக்கும் அதனால் என்ன வரவு?

உலகின் பிற ஆட்டங்கள் இதற்கு விடை தேடியிருக்கின்றன. கால்பந்தில் ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்திலேயே அணி மாறும்போது, கைமாறும் தொகையில் 5 விழுக்காடு அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்த சங்கங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும் என்பது பன்னாட்டுச் சம்மேளனத்தின் விதி. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டுக்கே உரிய கால்பந்தாட்டம் தென்மாநிலங்களில் வேரூன்றியது. சிட்னியில் ரக்பிதான் செல்வாக்குப் பெற்றது. எனவே சிட்னி போன்ற அணிகள் தம் வட்டாரத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தலாம் என்றும், அங்கு வளர்ந்த பையனை வேறோர் அணி கேட்டால் அதற்கு ஈடுகொடுத்துத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றும் விதி செய்தனர். 2014-இல் ஐசக் ஹீனி என்ற இளைஞரை மெல்பர்ன் அணி இரண்டாம் இடத்திலேயே கேட்டது. அவரை வளர்த்த சிட்னி அணி தன் பதினெட்டாம் இடத்தைக் கொடுத்து அவரைத் தக்கவைத்தது. பின்னாளில் அவர் அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். பயிற்சிக்குச் செலவிட்டவருக்கு அதன் பலனில் முன்னுரிமை உண்டு என்று உறுதியளித்ததால்தான் அந்தப் பள்ளிகள் நடக்கின்றன.

புரோ கபடியில் இதற்கான விதை ஏற்கெனவே இருக்கிறது. பழைய அணி, ஏலத்தின் கடைசித் தொகைக்கு ஈடுகொடுத்துத் தன் வீரரைத் திரும்பப் பெறும் உரிமை 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அதே உரிமையை, வீரரை வளர்த்த வட்டாரத்துக்கும் நீட்டினால் போதும். கொங்கு மண்டலத்தில் ஒரு பயிற்சி மையத்தைத் தலைவாஸ் நடத்தட்டும்; அங்கு மூன்றாண்டு பயின்றவரை இளம் வீரர் பிரிவில் சேர்க்க அதற்கு முதல் உரிமை இருக்கட்டும்; வேறு அணி எடுத்தால், வீரரின் முதல் ஒப்பந்தத் தொகையைக் குறைக்காமல், அதற்கு மேல் ஒரு பங்கை அவர் ஆடிப் பழகிய ஊர்க்குழுவுக்கு அந்த அணி தரட்டும்.

திருப்பூர்த் தொழில்துறையும் இதில் பங்கேற்கலாம். ஒன்றரை ஷிப்ட்டுக்குப் பதிலாக ஒரு ஷிப்ட், மாலை ஐந்தரைக்கு மேல் பயிற்சி, விடுபட்ட அரை ஷிப்ட்டின் கூலியில் ஒரு பகுதி உதவித்தொகை என்று ஒரு நிறுவனம் பத்து இளைஞர்களுக்கு ஏற்பாடு செய்ய முன்வந்தால், ஓராண்டுக்கு ஆகும் செலவு ஒரு நட்சத்திர ரைடரின் ஏலத்தொகையில் மிகச் சிறிய பகுதியே. அணியின் சட்டையில் விளம்பரம் போடும் செலவுடன் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்றுமதியாளர்களுக்குத் தெரியும். அவர்கள் போடாத கணக்கா?