சின்னத்திரை இல்லத்தில் ஒரு தந்தை

விஜய் தொலைக்காட்சியில் 2017-இல் தொடங்கிய 'பிக் பாஸ்' நிகழ்ச்சியைக் குடும்பங்களைக் கெடுப்பதென்று ஒதுக்கிவிடுவது போதகர்க்கு எளிது. புகழ்பெற்றோரை ஒரே வீட்டில் அடைத்து, அவர்தம் சச்சரவை விற்பதே அதன் தொழில் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் 2019-ஆம் ஆண்டு, மூன்றாம் பருவத்தில் நிகழ்ந்ததொன்று நம் சிந்தனைக்குரியது.

இலங்கைச் செய்தி வாசிப்பாளர் லாஸ்லியாவைக் காண, கனடாவில் பணிபுரிந்த அவர்தம் தந்தை அவ்வீட்டினுள் வந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் நேர்ந்த சந்திப்பு அது. மகள் கதறியழுதார்; தந்தையோ, சக போட்டியாளர் ஒருவருடன் மகள் கொண்ட நெருக்கத்தைக் குறித்து யாவரும் காணக் கடிந்துகொண்டார்.

அக்கண்டிப்பையே நற்குடும்பப் பண்பெனப் பலர் போற்றினர். நாம் அங்ஙனம் கருதவில்லை. லூக்கா 15-இல் தந்தை முந்தி ஓடித் தழுவுகிறார். மகன் ஆயத்தம் செய்துவந்த அறிக்கையை முடிக்கவும் விடுவதில்லை. இங்கே போற்றத்தக்கது, நெடும்பிரிவிலும் உலராதிருந்த பாசமே. சினமும் அதினின்றே பிறந்தது.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் இது எளிதில் விளங்கும். பிரான்சிலோ வளைகுடா நாடுகளிலோ உழைக்கும் தந்தையரை, வரும் பணத்தாலும் தொலைபேசிக் குரலாலுமே அறிந்த பிள்ளைகள் இங்குண்டு. இத்தகைய இல்லங்களைச் சந்திக்கும் போதகர், தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுமுன், அக்காட்சியைக் கண்டு வீட்டார் எதற்காக அழுதனர் என்று கேட்டறிவாராக.