பிறந்த குழந்தையைச் சுற்ற எந்தத் துணி?

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை தூக்கத்தில் திடீரென்று இரு கைகளையும் விரித்து உதறும். சில சமயம் அந்த உதறலிலேயே விழித்துக்கொண்டு அழும். மோரோ அனிச்சைச் செயல் எனப்படும் இது இயல்பானது. சில மாதங்களில் தானாக மறைந்துவிடும். கைகளை அணைத்தாற்போல் ஒரு துணியைச் சுற்றிவிட்டால் உதறல் குறைந்து பல குழந்தைகள் கூடுதல் நேரம் தூங்குகின்றன. துணி சுற்றுவதன் முக்கியப் பயன் இதுதான். சுற்றாமலே நன்றாகத் தூங்கும் குழந்தைக்கு இது தேவையே இல்லை.

தமிழ்நாட்டின் வெக்கைக்கு ஏற்றது மெல்லிய பருத்தித் துணி. இழைகள் நெருக்கமில்லாமல் நெய்த மஸ்லினில் காற்று தாராளமாகப் புகும். துவைக்கத் துவைக்க அது மென்மையாகும். பனியன் துணி இழுத்தால் கொடுக்கும் என்பதால் சுற்றுவது எளிது, ஆனால் சற்று வெப்பம் கூடுதல். ஃபிளானல் ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களுக்குப் பொருந்தும். கடையில் பொம்மை போலப் பஞ்சுபஞ்சாக மின்னும் பாலியெஸ்டர் துணிகளைச் சமவெளியில் வாங்கவே வேண்டாம். அவை வியர்வையை உறிஞ்சாது, சூட்டையும் வெளியே விடாது. பச்சிளம் குழந்தைகள் தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோகும் ஆபத்தைக் கூட்டுபவற்றுள் உடல் அளவுக்கு மீறிச் சூடாவதும் ஒன்று. குழந்தைக்குச் சூடு அதிகமா என்று அறியக் கை கால்களைத் தொட்டுப் பார்ப்பது பயன்படாது. அவை பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் துணியைத் தளர்த்தி எடுத்துவிடலாம். காய்ச்சல் அடிக்கும் குழந்தையைச் சுற்றவே கூடாது.

புதுத் துணி வாங்காமல், பல முறை துவைத்துப் பழகிய பருத்தி வேட்டியையோ சேலையையோ கிழித்துப் பயன்படுத்துவது தமிழ் வீடுகளின் நெடுநாள் வழக்கம். மென்மையில் அதை மிஞ்சும் துணி கடையில் கிடைப்பது அரிது. ஆனால் ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். பெட்டியிலும் பீரோவிலும் அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் துணியில் தங்கி, குழந்தையின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகிறது. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. அதனால் பிரசவ நாள் நெருங்கும்போதே அந்துருண்டை படாத துணிகளைத் தனியாக எடுத்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தி வைப்பது நல்லது. புதுத் துணியானாலும் கஞ்சியும் சாயமும் போக ஒருமுறையாவது அலச வேண்டும்.

அளவு என்று பார்த்தால், பக்கத்துக்கு 100 முதல் 120 செ.மீ. உள்ள சதுரத் துணி வசதியானது. அதைவிடச் சிறியது சீக்கிரமே அவிழும். மேல் மூலையை மடித்து, அந்த மடிப்புக்கு நேராகத் தோள் வரும்படி குழந்தையைப் படுக்கவைக்க வேண்டும். ஒரு பக்கத்தை மார்பின் குறுக்கே கொண்டுவந்து முதுகுக்கு அடியில் செருகி, கீழ் முனையைத் தளர்வாக மேலே ஏற்றி, மறுபக்கத்தையும் சுற்றினால் முடிந்தது. மார்புக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். துணி எந்த நேரத்திலும் தாடைக்கு மேலே ஏறக் கூடாது. ஊக்கு வேண்டவே வேண்டாம்.

கால்களின் நிலை எல்லாவற்றையும்விட முக்கியம். கால் நேராக வளரட்டும் என்று நினைத்து, இரண்டையும் நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுகிறவர்கள் உண்டு. பிறந்த குழந்தையின் இடுப்புக் கிண்ணம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது. கால்கள் மடங்கி விரிந்திருக்கும்போதுதான் தொடை எலும்பின் தலை அந்தக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தும். நீட்டி இறுக்கினால் மூட்டு விலக வழியாகிறது. ஜப்பானில் 1975-ல் குழந்தைகளின் கால்களை நீட்டிச் சுற்ற வேண்டாம் என்று நாடு தழுவிய பிரசாரம் நடந்தது; அதன் பிறகு அங்கே இடுப்பு மூட்டு விலகல் வெகுவாகக் குறைந்தது. ஆகவே மேல்பகுதி கச்சிதமாகவும் கீழ்ப்பகுதி பை போலத் தளர்வாகவும் இருப்பதுதான் சரியான சுற்று. ஜிப், வெல்க்ரோ வைத்த ஆயத்தப் பைகளை வாங்குவோரும் அடிப்பகுதி அகலமாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். அவற்றின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. வளர்ந்த பிறகு உதவும் என்று பெரிதாக வாங்கினால், துணி நழுவி முகத்தில் ஏறும். சிறு மணிகள் நிரப்பி எடை கூட்டிய வகைகளை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி பரிந்துரைப்பதில்லை.

சுற்றிய குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். கைகள் கட்டுண்ட குழந்தை குப்புற விழுந்தால் தலையைத் தூக்கி மூக்கை விடுவித்துக்கொள்ள முடியாது. பால் கொடுக்கும்போது துணியை அவிழ்த்துவிடுவது நல்லது. கையை வாய்க்குக் கொண்டுபோவது பசிக்கான ஆரம்ப அறிகுறி. எந்நேரமும் சுற்றியே வைத்திருந்தால் அது தாயின் கண்ணில் படாமல் போகும்.

குழந்தை புரள முயலும் முதல் அறிகுறி தென்பட்டதுமே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் இது மூன்று நான்கு மாதத்தில் வரும், சில குழந்தைகளிடம் இரண்டு மாதத்திலேயே தெரியும். இந்தக் குறுகிய காலத்துக்காக விலையுயர்ந்த பைகளை அடுக்க வேண்டியதில்லை. மாற்றிக் கட்ட நாலைந்து மெல்லிய பருத்தித் துணிகள் இருந்தால் தாராளம்.